முதலில் தரைமட்டம், கடைசியில் சூரியத் தகடு: சென்னைச் சிறுதொழில்களுக்கான காலநிலை வழிகாட்டி

காலநிலை மாற்றத்தைப் பற்றிச் சிறுதொழில் நடத்துபவர்களிடம் பேச்செடுத்தால், "சோலார் போட எவ்வளவு ஆகும்?" என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் வருகிறது. அம்பத்தூர், கிண்டி, இராயப்பேட்டை, பல்லாவரம் எனச் சென்னையின் பல பகுதிகளில் லேத்துப் பட்டறைகளுக்கும் அச்சகங்களுக்கும் மெஸ்களுக்கும் நெடுங்காலமாகக் கணக்கு எழுதிக் கொடுத்துவரும் நான் சொல்லும் பதில், அது நல்ல செலவுதான், ஆனால் வரிசையில் கடைசியாக நிற்க வேண்டிய செலவு என்பதே. தரைத்தளத்தில் இருக்கும் மெயின் போர்டு டிசம்பர் மழையில் மூழ்கிவிடும் என்றால், மாடியில் இருக்கும் தகட்டால் கடையைத் திறக்க முடியாது. மின்சாரம் வீணாகும் இடங்களை அடைக்காமல் தகடு பொருத்துபவர், வீணாகப்போகும் மின்சாரத்தைத் தம் சொந்தச் செலவில் உற்பத்தி செய்கிறார். எனவே இந்த வழிகாட்டி வெள்ளத்தில் தொடங்குகிறது.

தண்ணீர் எதுவரை வந்தது?

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டதில் ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி பகுதிகளின் பட்டறைகள் இயந்திரங்களோடு மூழ்கின. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பல நாட்கள் தண்ணீர் வடியவில்லை. காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி கூடும்போது அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. அதனால் ஆண்டின் மொத்த மழை பெரிதாக மாறாவிட்டாலும், அது சில நாட்களிலேயே கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது. சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைப்பதால், கீழே சொல்லப்படும் வெள்ளத் தடுப்பு வேலைகள் அனைத்தையும் செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும்.

செலவில்லாத முதல் வேலை, கடந்த வெள்ளங்களில் தண்ணீர் எந்த உயரம்வரை வந்தது என்பதைக் கண்டறிந்து, சுவரில் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பது. கட்டடத்துக்கு நீங்கள் புதியவர் என்றால் தெருமுனை டீக்கடைக்காரரிடமோ பழைய குடியிருப்பாளர்களிடமோ கேளுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவர்களில் பழைய நீர்க்கறை இன்னும் தெரியும். அந்தக் கோட்டுக்கு மேல் ஓர் அடி உயரத்தில் இரண்டாவது கோடு ஒன்றை இழுத்து, தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும் எதுவும் மழைக்காலத்தில் அதற்குக் கீழே இருக்கக் கூடாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மெயின் போர்டையும் யுபிஎஸ்ஸையும் தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மேலேற்றலாம்; மீட்டரை இடம் மாற்ற மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காகிதம், துணி, அட்டைப்பெட்டி போன்றவற்றை அடுக்கின் மேல்தட்டுக்கும், நனைந்தாலும் துடைத்தெடுக்கக்கூடியவற்றைக் கீழ்த்தட்டுக்கும் மாற்றுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

நகர்த்த முடியாத கனரக இயந்திரங்களைப் பொறுத்தவரை, முழு இயந்திரத்தையும் காப்பாற்ற நினைப்பதைவிட மோட்டாரையும் கட்டுப்பாட்டுப் பலகையையும் மட்டும் கழற்றி உயரத்தில் வைக்கத் திட்டமிடுவதே நடைமுறைக்கு ஏற்றது. யார் கழற்றுவது, எந்தச் செயின் பிளாக்கைக் கொண்டு தூக்குவது, எங்கே வைப்பது ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி ஒட்டிவைத்தால், வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்த இரவில் முதலாளி ஊரில் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். ஆயில் டிரம்களையும் ரசாயனக் கேன்களையும் கம்பியால் கட்டிவையுங்கள். பாதி காலியான டிரம் மிதந்து கவிழ்ந்தால், உங்கள் நட்டத்தோடு பக்கத்துக் கடையின் கிணறும் கெட்டுப்போகும். கழிவறைக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும் தாழ்வான கட்டடங்களில், தண்ணீரை ஒரு பக்கமாக மட்டுமே விடும் வால்வைப் பிளம்பரிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளலாம்.

தண்ணீர் வடிந்ததும் எந்த மோட்டாரையும் போட்டுப் பார்க்காதீர்கள். உலர்த்தி, மெக்கர் கருவியால் காப்புத்தடையைச் சோதித்த பிறகே இணைப்புக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஸ்விட்சைப் போட்டதனால் காயில் எரிந்த மோட்டார்கள், வெள்ளத்தினால் மட்டும் கெட்டவற்றைவிடக் குறைவாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை

இந்தப் பகுதியில் சற்று அதிக நேரம் செலவிடுகிறேன், ஏனெனில் கணக்கு எழுதுபவனாக நான் பார்த்த பெரிய நட்டங்கள் தண்ணீரால் மட்டும் ஏற்பட்டவை அல்ல. பாலிசித் தாளைப் படிக்காததாலும் ஏற்பட்டவை. வங்கிக் கடன் வாங்கும்போது வங்கியே ஒரு பாலிசியை எடுத்துவிடுவதால், அதில் எவ்வளவு தொகைக்கு, எந்த முகவரிக்கு, எந்தெந்தப் பொருளுக்குக் காப்பு இருக்கிறது என்பது கடைக்காரருக்கே தெரியாமல் போகிறது. என்னிடம் கணக்கு வைத்திருந்த ஓர் அச்சகத்தினர், தீபாவளி ஆர்டருக்காக அடுத்த தெருவில் எடுத்த சிறு கிடங்கில் வைத்திருந்த காகிதக் கட்டுகள் முழுவதையும் இழந்தார்கள். அந்தக் கிடங்கின் முகவரி பாலிசியில் இல்லை என்ற ஒரே காரணத்தால் காப்பீட்டு நிறுவனம் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. சட்டப்படி அது சரிதான் என்பதுதான் வேதனை.

ஒரே இடத்தில் உள்ள சொத்துகளின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்குள் இருக்கும் தொழில்களுக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவின்படி 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா' என்ற பொதுவான பாலிசி இருக்கிறது. வெள்ளமும் புயலும் அதில் அடங்கும். மதிப்பைக் குறைத்துக் காட்டினால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கால் விளக்குகிறேன்: 20 இலட்ச ரூபாய்ச் சரக்கை 10 இலட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்து, 6 இலட்சத்துக்கு நட்டம் ஏற்பட்டால், விகிதாசார விதியின்படி 3 இலட்சம்தான் கணக்கில் வரும். மேற்சொன்ன பாலிசி 15 சதவீதம் வரையிலான குறைமதிப்பைப் பொறுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் போனால் இந்த விதி பாய்ந்துவிடும். பிரீமியத்தில் சில ஆயிரங்களை மிச்சப்படுத்துவதற்காக இந்த நிலைக்கு உங்களை ஆளாக்கிக்கொள்ளாதீர்கள். ஆண்டுதோறும் செப்டம்பரில் சரக்கிருப்பையும் இயந்திரங்களின் வரிசை எண்களையும் தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வந்தால் உடனே தகவல் கொடுத்து, காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் நட்ட மதிப்பீட்டாளரான சர்வேயர் வந்து பார்க்கும்வரை நனைந்த சரக்கைக் குப்பையில் போடாதீர்கள்.

மின்சாரம் எங்கே போகிறது

கடந்த 12 மாத மின்கட்டண விவரங்களை எடுத்து, யூனிட்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள். அதோடு ஜெனரேட்டருக்கும் வண்டிக்கும் வாங்கிய டீசல், வாங்கிய கேஸ் சிலிண்டர்கள், ஏசிக்கும் குளிர்பெட்டிக்கும் நிரப்பிய வாயு ஆகியவற்றையும் சேருங்கள். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ, சமையல் எரிவாயு கிலோவுக்குச் சுமார் 3 கிலோ என்ற அளவில் கரியமில வாயு வெளியேறுகிறது. 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறத்தாழ 57 கிலோ. இப்படிப் பெருக்கிக் கூட்டினால் கிடைக்கும் தொகைதான் உங்கள் நிறுவனத்தின் கரித்தடம். இதற்கு ஆலோசகர் தேவையில்லை.

இந்தத் தாளில் பலரையும் வியக்கவைப்பது குளிர்வாயுவின் வரிதான். பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், அது ஏறத்தாழ 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதாவது சுமார் 3,000 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான பாதிப்பு. ஆண்டுதோறும் "கேஸ் குறைந்துவிட்டது" என்று வாயு நிரப்பிவிட்டுப் போகும் மெக்கானிக்கிடம், முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள். வாயு தானாகத் தீர்ந்துபோவதில்லை. புதிய ஏசி வாங்கும்போது, இதைவிடக் குறைந்த பாதிப்புள்ள ஆர்-32 அல்லது ஆர்-290 வாயுவில் ஓடுபவற்றைக் கேளுங்கள். பழைய ஆர்-22 வாயு 2030-க்குள் கைவிடப்பட இருப்பதால், அதை நம்பியிருக்கும் பழைய இயந்திரங்களைப் பெருஞ்செலவில் பழுதுபார்ப்பது வீண்.

பட்டறைகளில் முதலில் பார்க்க வேண்டியது கம்ப்ரசர். உணவு இடைவேளையில் எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டுக் கவனியுங்கள். யாரும் காற்றைப் பயன்படுத்தாதபோதும் அது அடிக்கடி எழுந்து ஓடுகிறது என்றால், குழாய் இணைப்புகளில் காற்று கசிகிறது. சோப்பு நீரைத் தடவினால் குமிழிகள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அழுத்தத்தை ஒரு பார் குறைத்தாலே மின்செலவு ஏறத்தாழ 6 சதவீதம் குறையும் என்பதால், 7 பாரில் வைத்திருப்பவர்கள் 6 பாரில் வேலை நடக்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். பலமுறை காயில் கட்டிய பழைய மோட்டார் புதிதைவிட அதிக மின்சாரத்தை விழுங்கும். அடுத்த முறை எரியும்போது, காயில் கட்டும் கூலியையும் மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் ஐஇ3 தரத்திலான புதிய மோட்டாரின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவெடுங்கள். பெரிய மின்பளு உள்ள இணைப்புகளில் பவர் ஃபேக்டர் (எடுக்கும் மின்சாரத்தில் உண்மையான வேலைக்குப் பயன்படும் பங்கு) குறைந்தால் அபராதம் விழுகிறது. அந்த அபராதம் உங்கள் மின்கட்டணத்தில் இருந்தால், அந்தப் பங்கை உயர்த்தப் பொருத்தப்படும் கெப்பாசிட்டர்களைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கணக்கு இன்னும் எளிது. வழக்கமான மின்விசிறி சுமார் 75 வாட் எடுக்கிறது; பிரஷ் இல்லாத மோட்டார் கொண்ட பிஎல்டிசி விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் 10 விசிறிகளை மாற்றினால் ஒரு நாளைக்கு 5.4 யூனிட், 26 வேலைநாட்களில் சுமார் 140 யூனிட் மிச்சம். உங்கள் யூனிட் விலையால் பெருக்கினால், எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்பது தெரிந்துவிடும். ஏசியின் வெப்பநிலையை ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் குறையும். மெடிக்கல், ஐஸ்கிரீம், பால் கடைகளில் குளிர்பெட்டிக் கதவின் ரப்பர் பட்டை தளர்ந்திருக்கிறதா என்று ஒரு தாளை இடையில் வைத்து மூடிப் பாருங்கள். தாள் எளிதாக உருவிவந்தால் பட்டையை மாற்ற வேண்டும்.

இதற்கு மேல் ஆழமாகப் போக விரும்புபவர்கள் மின்தணிக்கை செய்துகொள்ளலாம். மாவட்டத் தொழில் மையத்தில் சிறுதொழில்களுக்கான நடுவணரசின் உத்யம் பதிவுச் சான்றோடு விசாரித்தால், தணிக்கைச் செலவில் ஒரு பகுதியைத் திரும்பத் தரும் மாநில அரசுத் திட்டத்தைப் பற்றிச் சொல்வார்கள்.

தண்ணீர் இல்லாத ஆண்டும் வரும்

வெள்ளத்தைப் பார்த்த இதே நகரம், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் வந்த தண்ணீரைக் குடித்தது. பல உணவகங்கள் மதியச் சாப்பாட்டையே நிறுத்தின. லாரித் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் தொழிலுக்கு அந்தக் கோடை திரும்பி வந்தால் தாங்க முடியாது.

மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். ஆனால் அப்போது போட்ட குழாயும் குழியும் இன்று வேலை செய்கின்றனவா என்று பார்ப்பவர் குறைவு. மணலும் இலையும் அடைத்த குழிக்குள் தண்ணீர் இறங்காது. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர் விழுகிறது. சென்னையின் ஆண்டு மழையில், வீணாவதைக் கழித்தாலும் ஒரு இலட்சம் லிட்டருக்குக் குறையாமல் சேரும். முதல் மழையை வெளியே விட்டு, பிறகு வருவதை மணலும் கரியும் இட்ட வடிகட்டி வழியாகச் சம்ப்புக்குக் கொண்டுபோனால் மூன்று மாதங்களுக்காவது லாரிச் செலவு குறையும்; மிஞ்சுவதைக் கிணற்றுக்கோ மண்ணுக்கோ விடலாம். கடலோரப் பகுதிகளில் இப்படி மண்ணுக்குள் விடும் நீர்தான் போர்வெல்லில் உப்பு ஏறுவதைத் தடுக்கிறது. குடிநீர் ஆர்ஓ இயந்திரம் ஒதுக்கும் நீரைத் தரை கழுவுவதற்கும், ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பாத்திரம் தேய்ப்பதற்கு அல்லாமல் கழிவறைக்கும் பயன்படுத்தலாம்.

கூரையும் கத்திரி வெயிலும்

சென்னையில் பதிவான உச்ச வெப்பநிலை 45 டிகிரி, 2003 மே 31-இல். தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் கீழே நின்று வெல்டிங் அடிப்பவருக்கும் இஸ்திரி போடுபவருக்கும் வானிலை அறிக்கையின் எண்ணைவிட உடல் உணரும் வெப்பம் மிக அதிகம், கடற்காற்றின் புழுக்கம் அதில் சேர்கிறது. 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது.

கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதுதான் மிக மலிவான தீர்வு. வெயிலைத் திருப்பியனுப்பும் கூரைப் பெயின்ட் கூடுதல் விலை, ஆனால் மழைக்குக் கரையாமல் சில ஆண்டுகள் தாங்கும். இரண்டுமே உள்ளே சில டிகிரி வெப்பத்தைக் குறைக்கும். உயரமான கூடங்களில் காற்றால் சுழலும் டர்போ வென்டிலேட்டர்களுக்கு மின்சாரமே தேவையில்லை. ஆனால் வேலைநேரத்தை மாற்றுவதற்கு எந்தச் செலவும் கிடையாது: மே மாதத்தில் கனமான வேலைகளைக் காலை 7 மணிக்குத் தொடங்கி, நண்பகல் 12 முதல் 3 வரை உட்கார்ந்து செய்யும் வேலைகளுக்கு ஒதுக்கிவிட்டு, மோரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் கைக்கெட்டும் இடத்தில் வைத்தால், பிற்பகலில் ஏற்படும் பிழைகளும் விடுப்புகளும் குறைவதை வருகைப் பதிவேட்டிலேயே பார்க்கலாம்.

மெஸ், டிபன் கடை நடத்துபவர்களுக்குச் சில சொற்கள்

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகையான ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் அதில் அடங்கும் என்பதைப் பல டீக்கடைகள் மறந்துவிட்டன. கண்ணாடி டம்ளரும் கொதிநீரும் இருக்கும்போது அது தேவையே இல்லை. பார்சலுக்கு வாழை இலையும் மந்தாரை இலையும் போதும். சாம்பாருக்குத் தூக்குவாளி கொண்டுவருபவருக்கு இரண்டு ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள், பை வாங்கும் செலவைவிட அது அதிகமாகிவிடாது.

மீதமாகும் சோற்றை அளந்து பாருங்கள். ஒரு வாரம் தினமும் இரவில் எடை போட்டு எழுதினாலே எந்த நாளில் எவ்வளவு உலை கூடுதலாக வைக்கிறோம் என்பது தெரியும், அரிசியும் கேஸும் ஒருங்கே குறையும். நாளொன்றுக்கு 100 கிலோ உணவுக்கழிவு வரும் பெரிய சமையலறைகள் சாண எரிவாயுக் கலன்போன்ற பயோகேஸ் கலன் அமைத்தால் சுமார் 4 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடான வாயு கிடைக்கும்; அதற்குக் குறைவானவர்கள் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து, பராமரிக்க ஆள் இல்லாமல் நாறிப்போன கலன்களைப் பார்த்திருக்கிறேன். பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமலும் தள்ளுவண்டிக்கு விற்காமலும், பயோடீசலுக்காகச் சேகரிக்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுங்கள். பட்டறைக் கழிவுகளில் இரும்புத்தூளும் வெட்டுக்காகிதமும் காயலான் கடைக்கு எப்படியும் போய்விடும். கழிவு ஆயிலைத்தான் தனி டிரம்மில் மூடிவைத்து, உரிமம் பெற்றவரிடம் இரசீதோடு ஒப்படைக்க வேண்டும்.

இப்போது சூரியத் தகடு

மேற்சொன்னவற்றைச் செய்து ஆறு மாதம் ஆனபின், குறைந்துபோன யூனிட் கணக்கை வைத்துத் தகட்டின் அளவை முடிவு செய்யுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி தேவை. சென்னையில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் மானியம் வீடுகளுக்கு மட்டுமே. கடைக்கும் அந்த மானியம் வாங்கித் தருவதாகச் சொல்லும் விற்பனையாளரை நம்பாதீர்கள். உபரி மின்சாரத்துக்கு என்ன விலை கிடைக்கும், வேறு கட்டணம் உண்டா என்பவற்றில் தொழில் இணைப்பின் விதிகள் வீட்டு இணைப்பின் விதிகளோடு ஒத்தவை அல்ல என்பதால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே முன்பணம் கொடுங்கள். பகலில் ஓடும் தொழிலுக்குத்தான் தகடு முழுப்பயன் தரும். மாலையில் மட்டும் சூடுபிடிக்கும் கையேந்தி பவனுக்கு அது பொருந்தாது. வருமான வரியில் சூரியத் தகட்டுக்கு 40 சதவீதத் தேய்மானம் கிடைப்பதை உங்கள் ஆடிட்டரிடம் நினைவூட்டுங்கள். வாடகைக் கட்டடம் என்றால், கூரை உரிமையையும் காலி செய்யும்போது தகட்டைக் கழற்றிக்கொள்ளும் உரிமையையும் ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று நகரத்தில் எத்தனை கூரைகளைப் பிடுங்கியது என்பதை நினைவில் வைத்து, தகட்டின் சட்டங்கள் எந்தக் காற்று வேகத்தைத் தாங்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

வாங்குபவர் கேட்கும் தாள்கள்

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி, சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை அளிக்கின்றன. அதனால் அம்பத்தூரில் அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தருபவர்களுக்கும் மின்சாரம், டீசல், கழிவு பற்றிய கேள்வித்தாள்கள் வரத் தொடங்கிவிட்டன. இறக்குமதியாகும் பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கரியமில வாயுவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கரிவரி 2023 அக்டோபரில் அறிக்கை அளிக்கும் கட்டத்தில் தொடங்கியது. இரும்பு, எஃகுப் பொருட்களுக்கான அதன் பட்டியலில் திருகும் போல்ட்டும்கூட இருக்கின்றன. மேலே சொன்ன 12 மாதத் தாளை ஆண்டுதோறும் புதுப்பித்து வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வித்தாள்களை நிரப்ப ஒரு மாலைப்பொழுது போதும். குறையில்லாத, சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லாத உற்பத்திக்காக நடுவணரசின் சிறுதொழில் அமைச்சகம் தரும் செட் (ZED) சான்றிதழை, வெண்கலப் படியிலிருந்து தொடங்கிப் பெறலாம். குறுந்தொழில்களுக்குச் சான்றிதழ்க் கட்டணத்தில் 80 சதவீதம் மானியம் உண்டு.

மின்கட்டண விவரங்கள், டீசல் பில்கள், கழிவு ஒப்படைத்த இரசீதுகள், காப்பீட்டுப் பாலிசி, இயந்திரப் படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, அதன் ஒரு படியைக் கைப்பேசியிலும் இன்னொரு படியைக் கடையிலல்லாமல் வீட்டு மாடியிலும் வையுங்கள்.